கூட்டத்தை விட்டுப் பிரியாதே!

கம்ப்யூட்டர் விளையாட்டில் 'பி-17' குண்டு விமானத்தை ஓட்ட உட்காரும் இளைஞர், எதிரியைக் கண்டதும் என்ன செய்கிறார் தெரியுமா? அணியை விட்டு விலகி, வளைந்து நெளிந்து ஓடப் பார்க்கிறார். அவ்வளவுதான், தொலைந்தார்!

4 எஞ்சின், 10 பேர், 13 துப்பாக்கிகள் கொண்ட இந்த யானைக்குக் கூட்டமே பலம். நெருங்கிப் பறந்தால் ஒன்றின் துப்பாக்கி மற்றொன்றைக் காக்கும். குறி பார்க்கும் நிமிஷங்களிலோ, சுற்றிலும் பீரங்கிக் குண்டு வெடித்தாலும் நேரே போக வேண்டும். அசைந்தால் குறி தப்பும்.

1943 அக்டோபர் 14-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரைத் தாக்க அமெரிக்கர் இப்படித்தான் சென்றனர். துணை வந்த சண்டை விமானங்கள், பெட்ரோல் போதாமல் வழியிலேயே திரும்பிவிட்டன. கூட்டம் மட்டும் போதவில்லை. 60 விமானங்கள் விழுந்தன.

திரையில் விழுந்தவர் மறுபடி ஏறலாம். அந்தப் பிள்ளைகளுக்கு மறு ஆட்டம் ஏது?