தளராத முன்கள வீராங்கனை

பனி ஹாக்கி, உறைந்த தரைமீது சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படும் விரைவான விளையாட்டு. ஒவ்வோர் அணியிலும் ஒரு கோல் காவலரும் ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். அந்த ஐவரில் மூவர் முன்கள ஆட்டக்காரர்கள். சிறிய ரப்பர் வட்டை மட்டையால் கடத்திச் சென்று எதிரணியின் வலைக்குள் செலுத்துவது அவர்களின் முதன்மைப் பணி. முழு வேகத்தில் ஆடுவதால் விரைவில் களைப்பு ஏற்படும். எனவே, ஒருவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆடியதும் வெளியேறுவார். மற்றொருவர் உள்ளே நுழைவார்.

ரஷ்யாவில் இவ்விளையாட்டுக்கு நெடுநாள் புகழ் உண்டு. ஆயினும், அப்புகழ் பெரும்பாலும் ஆடவரையே சேர்ந்தது. சோவியத் ஆடவர் அணி 1956ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக் தங்கம் வென்றுவிட்டது. மகளிர் பனி ஹாக்கியோ 1998ஆம் ஆண்டில்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ரஷ்ய மகளிர் அணி 2002ஆம் ஆண்டில் முதன்முறையாக அங்குக் களமிறங்கியது.

இந்தச் சூழலில் வளர்ந்தவர் ஓல்கா சோசினா. இவர் 1992ஆம் ஆண்டு, எண்ணெய்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற அல்மெத்யெவ்ஸ்க் நகரில் பிறந்தார். 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றபோது இவருக்கு வயது 17. அப்போட்டியில் ரஷ்ய அணி அமெரிக்காவிடம் 0-13 எனும் கோல் கணக்கில் படுதோல்வி கண்டது. முன்னணி அணிகளுக்கும் தங்களுக்கும் இருந்த இடைவெளியை அந்த இளம் வீராங்கனை முதல் ஒலிம்பிக்கிலேயே உணர்ந்திருப்பார்.

அந்த இடைவெளி ஒரே நாளில் குறையவில்லை. 2013ஆம் ஆண்டு உலக வெற்றியாளர் போட்டியில் ரஷ்யா பின்லாந்தை வென்று வெண்கலம் பெற்றது. மறு ஆண்டு, சொந்த மண்ணில் நடந்த சோச்சி ஒலிம்பிக்கின் காலிறுதியில் சுவிட்சர்லாந்திடம் தோற்றது. 2016ஆம் ஆண்டு உலக வெற்றியாளர் போட்டியில் மீண்டும் வெண்கலம் கிட்டியது. இவை அனைத்திலும் சோசினா பங்கேற்றார்.

2018ஆம் ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்கில், ஊக்கமருந்து விவகாரத்தால் ரஷ்யர்கள் தங்கள் நாட்டுக் கொடியின்றிப் போட்டியிட வேண்டியிருந்தது. அங்கு அமெரிக்காவிடம் மீண்டும் தோல்விதான். ஆனால், இம்முறை கோல் கணக்கு 0-5. காலிறுதியில் சுவிட்சர்லாந்தை 6-2 என வென்று பழைய தோல்வியை ஈடுசெய்தனர். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பின்லாந்திடம் 2-3 எனத் தோற்றனர். ஒரே ஒரு கோலில் பதக்கம் கைநழுவியது.

சோசினா மனம் தளர்ந்து ஒதுங்கவில்லை. 2022ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் தம் நான்காவது ஒலிம்பிக்கில் ஆடினார். அங்கும் காலிறுதியில் சுவிட்சர்லாந்து குறுக்கிட்டது. அதன்பின், உக்ரேன் போர் காரணமாக ரஷ்ய அணிகள் அனைத்துலகப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன.

சோசினாவிடம் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. எனினும், பதின்மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்ற ஓர் அணி, எட்டே ஆண்டுகளில் பதக்கத்துக்கு ஒரு கோல் தொலைவுவரை வந்தது. அந்தப் பயணம் முழுவதும் அவர் அணியுடன் இருந்தார். ஒரு விளையாட்டாளரின் உழைப்பை அளக்கப் பதக்கப் பட்டியல் மட்டும் போதாது என்பதை அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.