குதிகால் வலியும் ஒரு நாற்காலியும்

காலையில் உறங்கி எழுந்து தரையில் காலை ஊன்றிய கணத்தில், குதிகாலில் முள் தைத்ததுபோல் சுரீரென்று ஒரு வலி. சுவரைப் பிடித்தபடி பத்து அடி நடந்தால் சற்றுத் தணிகிறது. நெடுநேரம் அமர்ந்துவிட்டு எழுந்தால் மீண்டும் அதே வலி. நாற்பது வயதைக் கடந்த பலருக்கும் இது பழக்கமான அனுபவம். 'குதிகால் வாதம்' என்று வீடுகளில் சொல்லப்படும் இதனை மருத்துவர்கள் 'பிளான்டார் ஃபேசியைட்டிஸ்' என்கின்றனர். ஏறத்தாழ பத்தில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகிறார் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு.

குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை விசிறிபோல் விரியும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்காலில் உள்ளது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு இந்தப் பட்டை அப்படி. நடக்கும்போது குதிகால் மேலெழுந்து விரல்கள் மடங்குகையில், கிணற்று ராட்டினத்தில் கயிறு இழுபடுவதுபோல் இது இறுகி, உடலை முன்னே தள்ளப் பாதத்துக்கு உறுதி தருகிறது. ஒவ்வோர் அடியிலும் இழுபடும் இப்பட்டை, ஓய்வில் தன்னைச் சீர்செய்துகொள்ளும். சீராகும் வேகத்தைவிடத் தேயும் வேகம் மிகும்போது, அது எலும்போடு இணையும் இடத்தில் வலி தொடங்குகிறது.

இந்த நோய் குறித்து இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று, இது வீக்கத்தால் வரும் வலி என்பது. நோயின் பெயரே அழற்சியைத்தான் குறிக்கிறது. ஆனால், நாள்பட்ட வலிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, அழற்சியைக் காணவில்லை, சிதைவையே கண்டது. மற்றொன்று, எக்ஸ்-ரேயில் தெரியும் எலும்பு முள்தான் காரணம் என்பது. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. அதனை அகற்றினால் வலி போய்விடும் என்று நம்புவதற்கில்லை.

இந்தப் புரிதலே சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கிறது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் சில வாரங்களுக்கு ஆறுதல் தரலாம். ஆனால், ஊசியால் அரிதாகப் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்புண்டு. எளிய வழிகளே பெரும்பாலோரைக் குணப்படுத்துகின்றன. படுக்கையிலிருந்து எழுமுன் கால்விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பிடிப்பது, கெண்டைக்கால் தசையை நீட்டுவது, உடல் எடையைக் குறைப்பது, கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் நடக்காமல் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற காலணி அணிவது ஆகியவை அவை. விரல்களின் அடியில் சுருட்டிய துண்டை வைத்துப் படியில் நின்றபடி, குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சி, மூன்று மாதங்களில் வெறும் நீட்டல் பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தந்ததாக டென்மார்க்கில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. பத்தில் எட்டுப் பேருக்கும் மேலானோர் ஓராண்டுக்குள் குணமடைகின்றனர். பொறுமைதான் வேண்டும்.

எல்லாக் குதிகால் வலியும் இதுவன்று. இரவில் ஓய்விலும் நீடிக்கும் வலி, மரத்துப்போதல், காய்ச்சல், அடிபட்ட பின் ஊன்ற முடியாமை, இளம்வயதில் இரு குதிகால்களிலும் வலியுடன் காலையில் முதுகு இறுக்கம் ஆகியவை இருந்தால் மருத்துவரை உடனே நாட வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் வெந்நீர், பனிக்கட்டி ஒத்தடங்களைத் தாமாக முயலக் கூடாது.

மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரை, 'நெடுநேரம் நிற்காதீர்கள்' என்பதாகும். நாள் முழுவதும் நிற்பது இந்நோய்க்கான முக்கிய அபாயக் காரணிகளுள் ஒன்று. ஆனால், துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நின்றே பிழைப்பவருக்கு அந்த அறிவுரையைப் பின்பற்றும் உரிமை யார் கையில் இருக்கிறது? கேரளத்தில் துணிக்கடைப் பெண் ஊழியர்களின் போராட்டம் 2018-இல் அமரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது.

சட்டப்படி ஒரு நாற்காலி கடையின் மூலையில் போடப்பட்டிருக்கலாம். வாடிக்கையாளர் இல்லாத வேளையில் ஊழியர் அச்சமின்றி அதில் அமர முடிகிறதா என்பதே கேள்வி. தொழிலாளர் துறையின் ஆய்வு அதையும் கேட்டறிய வேண்டும். தேய்ந்த திசு ஓய்வில்தான் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. நின்று உழைப்பவருக்கு அந்த நாற்காலி சலுகையன்று; சிகிச்சையின் ஒரு பகுதி.