மே மாதத்தில் எந்தக் கதவு திறந்திருக்கும்?

நான்காம் செமஸ்டர் தேர்வு முடிகிற வாரத்தில் விழுப்புரம், திண்டிவனம் கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: "இன்டர்ன்ஷிப் எங்க போற?" ஒருவர் சென்னையில் சித்தப்பா வேலை பார்க்கும் கம்பெனி என்பார். இன்னொருவர் புதுச்சேரியில் ஒரு ப்ராஜெக்ட் சென்டர் என்பார். மூன்றாமவர் ஒரு லிங்க்கைத் தட்டிவிடுவார். பணம் கட்டினால் போதும், வீட்டிலிருந்தபடியே 'பயிற்சி', பதினைந்தாம் நாள் பி.டி.எஃப். சான்றிதழ். சித்தப்பா இல்லாதவர்கள் அந்த லிங்க்கில்தான் போய் விழுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கு ஒரு ஆபீஸுக்குள் எப்படி நுழைவது, யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று சொல்லித்தர ஆள் கிடையாது. துறையில் கேட்டால், "நீங்களே ஏற்பாடு பண்ணிக்கங்க, ஜூன்ல சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏற்பாடு பண்ணுவதுதான் இதில் பெரிய பாடம். அந்தப் பாடத்துக்கு மட்டும் வகுப்பு இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைத் தழுவிய கலை, அறிவியல் படிப்புகளில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் பயிற்சி, ஐந்தாம் செமஸ்டரில் அதற்கு 2 கிரெடிட். பட்டத்துக்கு மொத்தம் வேண்டிய 140 கிரெடிட்டில் இது சின்னத் துண்டுதான். ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பதில்தான் வேடிக்கை. பல்கலைக்கழக மானியக் குழு 2024-ல் வெளியிட்ட இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குவிதியிலோ இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட், வாரத்துக்கு 40 மணி நேரம். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 80 மணி. ஒரே வீட்டில் அண்ணன் காக்குப்பத்தில் பொறியியலும் தங்கை அரசு கலைக் கல்லூரியில் பி.காமும் படித்தால், அதே 2 கிரெடிட்டுக்கு அவனுக்கு 160 மணி நேரம். மானியக் குழு கணக்கு பொருந்தினால் அவளுக்கு 60 மணி நேரம். எந்த அளவுகோல் என்பதைத் துறைத் தலைவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 60 மணி நேரம் பத்தே நாள். சென்னையில் அறை எடுத்துத் தங்கி, அட்வான்ஸ் கொடுத்துச் செய்கிற வேலையா இது?

பத்து நாளில் உருப்படியாக எதையாவது கற்க வேண்டுமானால், அந்தப் பத்து நாளில் அங்கே உண்மையாகவே வேலை நடந்தாக வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை. கம்பெனிப் பெயரைப் பார்க்கிறார்களே தவிர காலண்டரைப் பார்ப்பதில்லை. நமக்குக் கிடைப்பது மே மாதம். மே மாதத்தில் இந்த மாவட்டத்தில் எங்கே வேலை மும்முரம், எங்கே ஷட்டர் இறங்கியிருக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இருக்கிறது. அரவைப் பருவம் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டித் தொடங்கிக் கோடைக்குள் ஓய்ந்துவிடும். சாறு கொதிப்பதையும் பாகு படிகமாவதையும் பார்க்க ஆசைப்பட்டு மே மாதம் போகும் வேதியியல் மாணவர் ஏமாந்து திரும்ப வாய்ப்பு அதிகம். ஆனால் அதே மாதம் மெக்கானிக்கல் மாணவருக்கு விருந்து. அரவை நின்றால்தான் ஆலையைப் பிரித்துப் போடுவார்கள். உருளை, கியர், பாய்லர் குழாய் எல்லாம் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும். ஒரே இடம், ஒரே மாதம், ஒருவருக்கு வெறும் மதில்சுவர், இன்னொருவருக்குப் பாடப்புத்தகம்.

விலங்கியல் மாணவர்கள் கழுவெளிக்குப் போக ஆசைப்படுவார்கள். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த நீர்நிலையை அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. வலசைப் பறவைகள் வருவதோ குளிர்காலத்தில். மே மாதம் போனால் வெயில்தான் மிச்சம். வனத்துறை அனுமதி வேறு வேண்டும். அது ஒரு மனுவில், ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை. அதே மரக்காணத்தில் உப்பளம் கோடையில்தான் உச்சத்தில் இருக்கும். பாத்தி கட்டுவது, உப்பு வாருவது, குவித்து மூடுவது, வியாபாரி விலை பேசுவது, கூலிக் கணக்கு எல்லாம் கண்ணெதிரே நடக்கும். பொருளியல் மாணவருக்கு இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏனோ யாரும் அங்கே லெட்டர் கொண்டு போவதில்லை. உப்பளச் சான்றிதழை ரெஸ்யூமில் போட்டால் மதிப்பு வராது என்ற நினைப்பு.

சட்ட மாணவர்களின் கணக்கு தனி. விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி 2017-ல் வந்தது. பார் கவுன்சிலின் 2008 விதிப்படி மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி. ஒரு கல்வியாண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு விடுமுறை. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் நடக்கும். எனவே கோடையில் போகிறவர் குற்றவியல் வழக்கு பார்க்கும் வக்கீலிடம் போனால் ஜாமீன் மனுவாவது பார்க்கலாம். சிவில் வக்கீலிடம் போனால் பழைய கட்டுகளை அடுக்கும் வேலை வரும். அதுவும் வீணில்லைதான்: ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டை முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை நிதானமாகப் படிக்க, கோர்ட் நடக்கிற நாளில் யார் விடுவார்கள்?

திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை, எள் ரகங்களின் பெயரில் இருப்பது இந்த ஊர்தான். 1940-ல் வந்த டி.எம்.வி. 2 ஆந்திரம், கர்நாடகம் வரை போய்ப் பல பத்தாண்டு பயிரான மல்லாட்டை. உள்ளூர்த் தாவரவியல் மாணவர் பேருந்தில் அந்த வாசலைக் கடந்து போய்க்கொண்டே ஆன்லைனில் 'பயோடெக் இன்டர்ன்ஷிப்' தேடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வணிகவியல் மாணவருக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது. லாட் போடுவது, ஈரப்பதம் பார்ப்பது, ஏலம், எடை, விவசாயிக்குப் பணம் போய்ச் சேர்வது என்று ஒரு சந்தையின் முழுச் சுற்றும் ஒரே வளாகத்துக்குள் முடிந்துவிடும். வரத்து எப்போது அதிகம் என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

பி.காம். கூட்டம் அதிகம் என்பதால் ஆடிட்டர் ஆபீஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆபீஸுக்கு மாதத்துக்கு இரண்டு தேதிகள் முக்கியம்: மாதாந்தரக் கணக்கு தாக்கல் செய்கிற வியாபாரிகளின் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ம் தேதி. மே மாதக் கடைசியில் டி.டி.எஸ். காலாண்டுக் கணக்கு வேறு வந்து சேரும். 18-ம் தேதி காலையில் போய், "சார், இன்டர்ன்ஷிப் வேணும்" என்று நின்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 22, 23-ம் தேதி வாக்கில் போங்கள். சார் டீ குடிக்கும் மனநிலையில் இருப்பார். பேச்சு இப்படித்தான் போகும்:

"என்ன தம்பி, என்ன தெரியும்?"

"டேலி தெரியும் சார்."

"எல்லாருக்கும்தான் தெரியும். இங்க வந்து என்ன பண்ணப் போற?"

இங்கேதான் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். "நீங்க என்ன சொன்னாலும் செய்றேன் சார்" என்பது பணிவான பதில், ஆனால் உதவாத பதில். உங்களுக்கு வேலை தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். "மே 2 முதல் 14 வரை வர்றேன் சார். கடைக்காரங்க குடுக்குற பர்ச்சேஸ் பில்லையும் போர்ட்டல்ல வர்ற ஜிஎஸ்டிஆர்-2பி-யையும் ஒத்துப் பார்த்து, எது விட்டுப்போச்சுன்னு லிஸ்ட் எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நாற்காலியைக் காட்டுவார். 11-ம் தேதி நெருக்கடிக்குள் நீங்களும் இருப்பீர்கள், அதுதான் பாடம்.

பி.சி.ஏ., கணினி அறிவியல் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். ஊரில் எத்தனை நர்சிங் ஹோமில் டோக்கன் இன்னும் நோட்டில் ஓடுகிறது, எத்தனை அரிசி மண்டியில் ஸ்டாக் கணக்கு முதலாளியின் தலைக்குள் மட்டும் இருக்கிறது! அதில் ஒன்றை ஒரு சின்ன எக்ஸெல் ஷீட்டாக மாற்றிக் கொடுத்து, அதை அவர்கள் ஒரு வாரம் பயன்படுத்தும்போது எங்கே உடைகிறது என்று கூட இருந்து பார்த்தவருக்கு, ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாகக் கிடைக்கும் 'ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்' எதற்கு?

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. "கத்துக் குடுத்து முடிக்கிறதுக்குள்ள பத்து நாள் ஓடிடுது, பையன் போயிடறான்" என்பார்கள். இதற்கு 1906-லேயே ஒரு வழி கண்டார் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் பட்டறையில். அடுத்த வாரம் மாற்றி. பட்டறையில் அந்த இடம் காலியாகவே இருக்காது. நம் துறைகள் அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். ஒரே ஆடிட்டரிடம், ஒரே மண்டியில், நான்கு மாணவர்களை அடுத்தடுத்து அனுப்பி, முன்னால் போனவர் பின்னால் வருபவருக்கு வேலையை ஒப்படைத்துவிட்டு வரச் செய்தாலே போதும். அதற்குத் துறையில் ஒரு நோட்டும், அதை வைத்திருக்கிற ஒரு ஆசிரியரும் வேண்டும்.

காகித வேலையில் தடுக்கி விழுகிறவர்களும் உண்டு. போவதற்கு முன்பு கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறைத் தலைவரோ முதல்வரோ கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தேர்வு முடிந்த பிறகு முதல்வரைப் பிடிப்பது கடினம், தேர்வுக்கு நடுவிலேயே வாங்கிவிடுங்கள். முடித்து வரும்போது வாங்கும் சான்றிதழில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை, கையெழுத்திட்டவரின் பதவி, சீல் ஆகியவை இருக்க வேண்டும். மணி நேரம் எழுதாத சான்றிதழைத் துறை திருப்பினால், மறுபடி போய் நிற்க வேண்டியது நீங்கள்தான். மண்டிக்காரரிடம் லெட்டர்ஹெட் இருக்காது. வெறும் சீல் போதுமா, பதிவு எண் கேட்பார்களா என்று துறையில் முன்பே கேளுங்கள். தினமும் கையெழுத்து வாங்கும் வருகைத் தாளை நீங்களே ரூல் போட்டுக் கொண்டு போகலாம்.

அரசுத் திட்டங்களைப் பற்றி ஒரு குழப்பம் உலவுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 12 மாதத்துக்கானதாக, முழுநேரப் படிப்பில் இல்லாத இளைஞர்களுக்கென்று அறிவிக்கப்பட்டது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் பட்டதாரி, டிப்ளமோ அப்ரன்டிஸ்களை எடுப்பது 1961 அப்ரன்டிஸ் சட்டப்படி, படிப்பை முடித்தவர்களுக்கு. இரண்டாலும் உங்கள் 2 கிரெடிட் நிரம்பாது.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் முதலில் கேட்பது, எப்படிப் போய் வருவாள் என்பது. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடும் புறநகர் பஸ்ஸுக்கு அது பொருந்தாது. டவுன் பஸ் எட்டும் இடமாகப் பார்த்தால் செலவுக் கேள்வி தீர்ந்தது. பாதுகாப்புக்கு ஒரு சட்டம் இருக்கிறது: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்காத பயிற்சி மாணவியையும் பணியாளராகவே பார்க்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள் குழு கட்டாயம். அதற்கும் சிறிய கடை, ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். கல்லூரிக் கடிதத்தில் ஒரு ஆசிரியையின் போன் நம்பரும் இருந்தால் வீட்டுக்கும் தைரியம், அந்த ஆபீஸுக்கும் நினைவில் இருக்கும்.

ஏன் மே மாதமே என்று கல்லூரிகளிடம் கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழக விதியே கோடை விடுமுறையோடு குளிர்கால விடுமுறையையும் சேர்த்துச் சொல்கிறது. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி சின்னதுதான், ஆனால் 60 மணி நேரத்துக்குப் பத்து நாள் போதும். டிசம்பரில் முண்டியம்பாக்கம் சாலையில் கரும்பு லாரி நிற்கும், கழுவெளியில் பறவை இருக்கும், சிவில் கோர்ட்டும் கிறிஸ்துமஸ் விடுமுறை வரை நடக்கும். எந்தத் துறைக்கு எந்த மாதம் என்று பாடக் குழு ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயம். அதுவரை, வரும் மே மாதத்துக்கு இடம் தேடுகிறவர்கள் மார்ச் மாதமே போய்க் கதவைத் தட்டுவது நல்லது. ஏப்ரலில் எல்லோரும் வருவார்கள்.