படியெடுக்கும் கைக்கு விலங்கா?

தில்லைப் பொன்னம்பலத்தின் அருகே பூட்டிய அறையொன்றில் மூவர் தேவார ஏடுகள் கிடந்த வரலாற்றைச் சைவ உலகம் நன்கறியும். சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவ்வறையைத் திறப்பித்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் வார்த்து எடுத்தபோது எஞ்சியது ஒரு பகுதியே என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். அங்கே காவலுக்குக் குறைவில்லை. பூட்டை எவரும் உடைத்திலர். ஏட்டை எவரும் திருடிலர். ஆயினும் பெரும்பகுதி அழிந்தது. கள்வனைத் தடுத்த பூட்டுக் கறையானைத் தடுக்கவில்லை.

எஞ்சிய ஏடுகளைப் படி எடுத்தார்கள். அப்படியிலிருந்து வேறு படி எடுத்தார்கள். திருக்கோணமலைக்குத் திருஞானசம்பந்தர் அருளிய பதிகம் மூன்றாந் திருமுறையில் நமக்குக் கிடைத்திருப்பது, பெயர் தெரியாத பல கைகள் தலைமுறைதோறும் எழுத்தாணி பிடித்தமையால் அன்றோ? கோணேசர் சந்நிதியில் அதனை ஓதும் அடியார் ஒவ்வொருவரும் அக்கைகளுக்குக் கடன்பட்டவரே.

இக்காலத்தில் எழுத்தாணியின் தொழிலைக் கைத்தொலைபேசியும் கணினியும் ஒலிப்பதிவுக் கருவியும் செய்கின்றன. இவை ஒவ்வொன்றினுள்ளும் படியெடுத்தலைத் தடுக்கும் மின்பூட்டு ஒன்றை வைத்தே விற்க வேண்டும் என்று அரசு சட்டம் இயற்றலாமா? இயற்றலாகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. திருட்டைத் தண்டிப்பது சட்டத்தின் கடமை. யாவர் கையிலும் முன்கூட்டியே விலங்கு பூட்டுவது அதன் கடமை ஆகாது.

சட்டம் நடந்த வழி

இது வெறுங் கற்பனை என்று எண்ணற்க. அமெரிக்காவில் இது நடந்த கதை. ஒளிநாடாப் பதிகருவி இல்லங்களுக்கு வந்தபோது திரைப்பட நிறுவனங்கள் அதனை எதிர்த்து வழக்காடின. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பின்னர்ப் பார்ப்பதற்காக ஒருவர் தம் வீட்டிற் பதிந்து வைப்பது குற்றமன்று என 1984ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தக் கருவி தம்மை அழிக்கும் என்று அந்நிறுவனங்கள் அஞ்சினவோ, அதே கருவிக்கான நாடா விற்பனை பின்னாளில் அவற்றுக்கே பெருவருவாய் தந்தது.

ஆயினும் அச்சம் தீரவில்லை. 1992ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் நிறைவேறியது. இல்லங்களிற் பயன்படும் எண்முறை ஒலிப்பதிவுக் கருவிகள் யாவும் ஒரு கட்டுப்பாட்டுடனேயே விற்கப்பட வேண்டும் என்றது அது. மூலத்திலிருந்து படி எடுக்கலாம். படியிலிருந்து மீண்டும் படி எடுத்தலாகாது. இதுவே அக்கட்டுப்பாடு.

தமிழ் கற்றோர் இவ்விதியின் முன் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். நம்மிடம் உள்ள பழைய நூல்களுள் ஆசிரியர் தம் கைப்பட எழுதிய மூல ஏடு எதற்கு உண்டு? தொல்காப்பியத்துக்கு உண்டா? திருக்குறளுக்கு உண்டா? பனையோலை சில நூற்றாண்டு நிற்பதே அரிது. நாம் ஓதுவன யாவும் படியின் படி, அதன் படி, அதற்கும் படி. அவ்விதி நம் முன்னோர் காலத்தில் நடைமுறையில் இருந்திருப்பின், முதற்படியோடு தமிழ் இலக்கியம் முடிந்திருக்கும்.

1998ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, ஒளிநாடாப் பதிகருவிகளிலும் படித்தடை அமைக்கப்பட வேண்டும் எனப் பணித்தது. 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் செனற் சபை உறுப்பினர் ஹொலிங்ஸ் என்பவர் கொண்டுவந்த சட்டமூலமோ எல்லையைக் கடந்தது. எண்முறையில் ஒலியையும் ஒளியையும் எழுத்தையும் கையாளும் கருவி எதுவாயினும், அரசு ஏற்ற பூட்டு அதனுள் இல்லையேல் அதனை விற்றலாகாது என்றது. கணினி வல்லுநரும் நூலகத்தாரும் பொதுமக்களும் எதிர்த்தமையால் அது நிறைவேறாமலே போயிற்று. மறு ஆண்டில், தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒளிபரப்பிலுள்ள ஒரு தடைக்குறிக்குக் கீழ்ப்படிய வேண்டும் என அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு விதி செய்தது. அவ்வாறு விதிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என 2005ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனைத் தள்ளியது.

அமெரிக்கச் சட்டம் அமெரிக்கர் பாடு என்று இருந்துவிடலாமோ எனின், இருக்கவொண்ணாது. பெருஞ்சந்தைக்கெனச் செய்யப்படும் கருவியே சிறுசந்தைக்கும் வரும். வாசிங்ரனில் எழுதப்படும் விதி, நம் பாராளுமன்றத்தில் ஒரு சொல்லும் பேசப்படாமலே, பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறித் திருகோணமலை மத்திய வீதிக் கடைக்கு வந்து சேரும். கனடாவிலுள்ள உறவினர் அன்போடு வாங்கி அனுப்பிய திரைப்பட இறுவட்டு, இங்குள்ள கருவியில் ஓட மறுத்ததை அறியாத குடும்பம் நம்மூரிற் சிலவே. உலகை வலயங்களாகக் கூறுபோட்டு, ஒரு வலயத்து வட்டு மற்றொரு வலயத்திற் பாடாதவாறு செய்தனர். விலை கொடுத்து வாங்கிய பொருள். திருட்டு எதுவும் இல்லை. ஆயினும் பூட்டுத் திறக்கவில்லை.

பூட்டு அறியாதவை

பூட்டுக்கு நோக்கம் தெரியாது. ஆயிரம் படி எடுத்துச் சந்தையில் விற்பவனும், மாணவர்க்கு விளக்குவதற்காக ஒரு பாடலின் இரண்டு அடியை எடுக்கும் ஆசிரியனும் அதற்கு ஒருவரே. நீதிபதி கேட்கும் கேள்வியைப் பூட்டுக் கேளாது. சட்டம் தானே அனுமதித்த நியாயமான பயன்பாட்டையும் அது மறுக்கும். குடிமகனுக்கு ஏட்டிலே உரிமை இருக்கும், கையிலே இராது.

பூட்டுக்குக் காலமும் தெரியாது. நம் நாட்டிற் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்மேல் 70 ஆண்டுகளுக்கும் நீளும். இந்தியாவில் 60 ஆண்டுகள். அதன் பின்னர் நூல் பொதுவுடைமை. ஆனால் உரிமை முடிந்த நாளில் தானே கழன்று விழும் பூட்டை யாரேனும் செய்ததுண்டா? காலம் முடிந்தும் காவல் முடியாதெனில், பொதுவுடைமை என்பது வெறுஞ்சொல்.

பூட்டியவர் மறைந்தபின் திறப்பவர் யார் என்பதும் அதற்குத் தெரியாது. யான் விலை கொடுத்து வாங்கிய அகராதி இறுவட்டு ஒன்று உண்டு. புதுக்கணினிக்கு மாறியபோது அது மறுபடி அனுமதி கேட்டது. அனுமதி தர வேண்டிய நிறுவனம் அதற்குள் கடையை மூடிவிட்டது. அச்சிட்ட அகராதியாயின், பதிப்பித்தவர் மறைந்தாலும் சொற்பொருள் மறையாது. 2019ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, வாங்கியோரிடமிருந்த நூல்களும் உடன் மறைந்தன. பணம் மட்டுமே திரும்பிற்று. 2009ஆம் ஆண்டில் அமேசன் நிறுவனம், உரிமையில்லாதவர் விற்றனர் எனக் கண்டு, ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நாவல்களை வாசகர்தம் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கியது. ஒருவர் வீட்டு அலுமாரியிலிருந்து நூலை எடுத்துச் செல்ல எந்தப் பதிப்பாளருக்கு முன்னர் இயன்றது?

ஒளிநாடாவின் கதை இன்னும் கவலைக்குரியது. நம் இல்லங்களில் திருமணம், கோவில் திருவிழா, பாடசாலை நாடகம் முதலியன பதிந்த நாடாக்கள் பல. பதிகருவியை இறுதியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திற்று. இனி அவற்றைக் கணினிக்கு மாற்றினாலன்றிப் பிழைக்கா. மாற்றும்போது, பழுதுற்ற நாடாவின் அலைவைப் படித்தடைக் குறியென மயங்கிக் கருவி பதிய மறுப்பதும் உண்டு. தன் தாயின் முகத்தைப் படி எடுக்க விரும்பும் மகனைக் கள்வனென ஐயுறும் பூட்டு எவ்வகை நீதி?

ஒரு படி போதாது

பதிப்பாசிரியர் வரலாற்றை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். இவர்கள் ஊர்தோறும் மடந்தோறும் அலைந்து பல படிகளைத் திரட்டி ஒப்புநோக்கியே பாடங் கண்டனர். ஓர் ஏட்டிற் சிதைந்த அடி மற்றோர் ஏட்டிற் கிடைத்தது. படி பல இருந்தமையால் நூல் பிழைத்தது. வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் அந்நற்பேறு இல்லை. பிறர் மேற்கோளாக எடுத்தாண்ட பாடல்களே எஞ்சின. முழுநூல் மாண்டது, எடுத்தெழுதிய பகுதி வாழ்கிறது.

நம் துறைமுக நகரும் இவ்வறத்தில் பங்குடையது. தி. த. கனகசுந்தரம்பிள்ளை இவ்வூரிற் பிறந்து பழந்தமிழ் நூல்களைப் பரிசோதித்தவர். அவர்தம் சகோதரர் சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட மோகனாங்கி, தமிழின் முதல் வரலாற்று நாவலெனப் போற்றப்படுவது. நெடுங்காலம் கிடைத்தற்கரியதாயிருந்த அந்நூலும் எங்கோ எஞ்சிய படியால் அன்றோ மீண்டது? பிரெட்றிக் கோட்டை வாயிலிற் பதிந்துள்ள கல்வெட்டை நோக்குக. கல் உடைந்தது, சில எழுத்துகளே மிஞ்சின. அதன் பாடலை மக்கள் வாய்மொழியும் நூல்வழியுமே காத்தன. கல்லினும் வலியது படி.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்திற் படி இருந்தவை மீண்டன, இல்லாதவை மீளவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டமும் தமிழ் நூல்களை மின்வடிவிற் படியெடுத்து உலகெங்கும் பரப்புகின்றன. படியெடுக்கும் கருவியைச் சட்டமே முடமாக்கிவிட்டால் அடுத்த தலைமுறையில் இப்பணியைச் செய்வது எவ்வாறு?

ஆசிரியனுக்கு உரியது

‘படைத்தவன் பட்டினி கிடக்க, படி எடுத்தவன் பொருள் ஈட்டலாமோ?’ என ஒருவர் வினவலாம். நியாயமான வினா. இலங்கைத் தமிழ் எழுத்தாளருட் பெரும்பாலோர் தம் நூலைத் தம் கைப்பொருளாலேயே அச்சிடுகின்றனர். அந்நூலைத் திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்பவன் தண்டனைக்குரியவன். அதில் எமக்கு இருகருத்தில்லை. ஆனால் மின்பூட்டு அவனைத் தடுப்பதில்லை. தொழிலாகத் திருடுபவன் பூட்டை உடைக்கும் வகையையும் கற்றிருப்பான். அகப்பட்டு நிற்பவர் மாணவரும் நூலகரும் கண்பார்வை இழந்தவருமே. 2009ஆம் ஆண்டில் நூலை வாய்விட்டு வாசிக்கும் வசதி அமேசனின் கருவியில் வந்தபோது, எழுத்தாளர் சங்கமொன்றின் எதிர்ப்பால், பதிப்பாளர் விரும்பின் அக்குரலை அடக்கலாம் என்றாயிற்று. கண் இல்லாதார்க்குச் செவியையும் அடைத்த செயல் அது.

இதற்கு மாற்றாக 2013ஆம் ஆண்டில் மராக்கேசு உடன்படிக்கை பிறந்தது. பார்வையற்றோர்க்கு உகந்த வடிவில் நூலைப் படியெடுக்கும் உரிமையைப் பூட்டுச் சட்டங்கள் தடுத்தலாகாது என அது கூறுகிறது. இந்தியா 2014இலும் இலங்கை 2016இலும் அதில் இணைந்தன.

இந்தியா 2012இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு நெறியைக் கைக்கொண்டது. உரிமையை மீறும் கருத்தோடு பூட்டை உடைப்பவனே குற்றவாளி. சட்டம் விலக்காத காரியத்துக்காகத் திறப்பவன் குற்றவாளியல்லன். கருத்தறிந்து தண்டிக்கும் இம்முறை முறைமன்றத்துக்கு ஏற்றது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ, படித்தடையை மீறுதற்கெனவே அமைந்த கருவியை விற்பனைக்காகச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விலக்குகிறது. நியாயமான பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. திறவுகோலை விலக்கியபின் அனுமதித்த வாயிலுள் நுழைவது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை வேண்டும். இவற்றின் மேலும், எல்லாக் கருவியிலும் பூட்டைக் கட்டாயமாக்கும் சட்டமூலம் எந்நாளேனும் வருமாயின் அது முற்றாக எதிர்க்கத்தக்கது.

ஆசிரியப் பெருமக்களும் மாணவரும் இலக்கிய மன்றத்தாரும் இதனைச் சட்டத்தரணிகளின் விவகாரமென ஒதுக்கற்க. சட்டத்தைத் திருத்தும் வேளை வரின், கல்விக்கும் நூலகத்துக்கும் பார்வையற்றோர்க்கும் பூட்டைத் திறக்கும் உரிமை வேண்டும் என்றும், பதிப்புரிமை முடியும் நாளில் பூட்டின் காவலும் முடிய வேண்டும் என்றும் எழுத்தில் கேட்போம். அதுவரை நம்மால் இயல்வது ஒன்றுண்டு. மின்னூல் வெளியிடும் எழுத்தாளர் ஒவ்வொருவரும் பூட்டில்லாத படி ஒன்றைத் தம் ஊர் நூலகத்திலேனும் ஒப்படைப்பாராக. விற்பனை குறையாது, பெயர் நிலைக்கும். நூறாண்டு கழித்து நம் நூலைத் தேடி வருபவன் யாரென நாம் அறியோம். அவன் வரும்போது நாம் இருக்கமாட்டோம். திறவுகோலை வைத்திருந்த நிறுவனமும் இராது. படி ஒன்று இருந்தாற் போதும்.