சப்வூஃபர் வாங்கும் முன் சத்தத்தை அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி நாலைந்து மாதம் ஆனதும், நல்ல ஸ்பீக்கர் செட் போட்டுப் படம் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வரும். எனக்கும் வந்தது. சென்னையில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் ஹாலில், 8 இன்ச் சப்வூஃபர் உள்ள 5.1 செட் ஒன்றை கம்ப்யூட்டருடன் இணைத்தேன். ஆனால் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால், குண்டு வெடிக்கும் காட்சியில் கூட அதிர்வே இல்லை. சப்வூஃபர் வால்யூமை முழுவதும் திருகினேன். அப்போதும் திருப்தி இல்லை. 12 இன்ச் சப்வூஃபர் வாங்குவது என்று முடிவு செய்து 18,000 ரூபாய் எடுத்து வைத்தேன்.

அந்த வாரம் கீழ் வீட்டுப் பெரியவர் மாடி ஏறி வந்தார். "தம்பி, ராத்திரி எங்க வீட்டு பீரோ கண்ணாடி அதிருதுப்பா. அவளுக்கு ஆபரேஷன் ஆகி பத்து நாள்தான் ஆகுது. தூங்க முடியல" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கூடவே ஒரு சந்தேகம். எனக்கே சரியாகக் கேட்காத சத்தம் கீழ் வீட்டை எப்படி அதிர வைக்கிறது?

அறை செய்யும் வேலை

நம் காதுக்கு சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இதில் ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸ் ஒலிகளைத் தருவதுதான் சப்வூஃபர். 5.1 என்பதில் உள்ள .1 இதற்கான சேனல்.

40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 28 அடி. என் ஹாலின் நீளம் 14 அடி, அதாவது சரிபாதி. இப்படி அமைந்தால், அலை இரண்டு சுவர்களிலும் மோதித் திரும்பும்போது சுவர் ஓரத்தில் சத்தம் கூடும், நடுவில் குறையும். என் சோபா ஹாலின் நடுவில்தான் இருந்தது!

என்ன மீட்டர் வாங்கலாம்?

இதை உறுதி செய்ய 1,800 ரூபாய்க்கு ஒரு சவுண்ட் லெவல் மீட்டர் வாங்கினேன். நீங்கள் வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. 'சி' வெயிட்டிங் கட்டாயம் வேண்டும். 'ஏ' மட்டும் உள்ள மீட்டர் 50 ஹெர்ட்ஸ் ஒலியை சுமார் 30 டெசிபல் குறைத்துக் காட்டும்.
2. 'ஸ்லோ' வசதி இருந்தால் எண்கள் துள்ளாமல் நிதானமாக மாறும்.
3. 30 முதல் 130 டெசிபல் வரை அளந்தால் போதும். ஐஇசி 61672 தரத்தில் கிளாஸ் 2 என்றால் வீட்டுக்குத் தாராளம்.

மொபைல் ஆப்பை பேஸ் அளக்க அவ்வளவாக நம்ப வேண்டாம்.

எப்படி அளப்பது?

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை கம்ப்யூட்டரில் நிறுவிக் கொள்ளுங்கள். அதன் ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைத் தேர்வு செய்து, சைன் அலை, 40 ஹெர்ட்ஸ், 20 விநாடி என்று கொடுங்கள். வால்யூமைக் குறைவாக வைத்து இயக்குங்கள். மீட்டரை 'சி', 'ஸ்லோ' என்று அமைத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் பிடியுங்கள். எண்ணைக் குறித்துக் கொண்டு 50, 60, 80 ஹெர்ட்ஸுக்கும் இப்படியே செய்யுங்கள். வால்யூமை மட்டும் இடையில் மாற்றக் கூடாது.

40 ஹெர்ட்ஸில் என் சோபாவில் 62 டெசிபல். சுவர் மூலையில் 78! சோபாவை 3 அடி பின்னால் தள்ளி மறுபடி அளந்தேன். 72 வந்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல் 10 டெசிபல் லாபம். இதையே வால்யூமில் பெற ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு பவர் தர வேண்டும். அதனால் சப்வூஃபர் வால்யூமைத் தயங்காமல் குறைத்தேன்.

அதன் பிறகும் போதவில்லை என்றால்?

அப்போது புதிய சப்வூஃபர் வாங்கலாம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ வாட்ஸை நம்பாமல், ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும் என்றும் பாருங்கள். துளை உள்ள பெட்டி அதிக சத்தம் தரும். மூடிய பெட்டி பெரும்பாலும் சிறியதாக, அடக்கமாக இருக்கும். சிறிய ஹாலுக்கு 8 அல்லது 10 இன்ச் போதும். கிராஸ்ஓவர், ஃபேஸ் இரண்டையும் மாற்றும் வசதி இருந்தால் நல்லது.

மறுநாள் மாலை அதே காட்சியை ஓட விட்டுவிட்டு, கீழ் வீட்டுக்குப் போய் பீரோ பக்கத்தில் நின்று கேட்டேன். கண்ணாடி அதிரவில்லை. "இப்ப ஒண்ணும் தெரியலப்பா" என்றார் பெரியவர். இருந்தாலும் அம்மாவுக்கு உடம்பு தேறும் வரை, இரவு 9 மணிக்கு மேல் ஹெட்போன்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எடுத்து வைத்த 18,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. நீங்களும் கடைக்குப் போகும் முன், சோபாவை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.