அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விமானம் ஓட்டலாமா? மதுரை டூ கொடைரோடு... காசே இல்லாமல் பறப்பது எப்படி?

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி கொடைக்கானலுக்கு பஸ் பிடிப்பவர்கள் ஏராளம். அந்த ஊருக்கு மேலே விமானம் ஓட்டிப் பார்க்கணும் என்றால்? வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் அரசு லேப்டாப்பே அதற்குப் போதுமானதாக இருக்கலாம்.

அந்த லேப்டாப்பில் என்ன இருக்கு?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. அப்போது கொடுத்த பல லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய இயங்குதளமும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பலர் அதைத் திறந்துகூட பார்த்திருக்க மாட்டார்கள்.

ஃபிளைட்கியர் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் இலவச மென்பொருள். 1996-ல் யோசனையாகத் தொடங்கி, தன்னார்வலர்களால் இன்று வரை வளர்க்கப்படுகிறது. இது ஓப்பன் சோர்ஸ். அதாவது, இதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

இது சுட்டு விளையாடும் கேம் அல்ல. காற்று, எடை, வேகம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் விமானம் நகரும். வேகம் குறைந்த நிலையில் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால், நிஜத்தைப் போலவே விமானம் கீழே சரியும்.

எப்படி இன்ஸ்டால் செய்வது?

* லேப்டாப்பில் இருப்பது மிகப் பழைய பாஸ் பதிப்பு என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது டெபியனைப் புதிதாகப் போட்டுக்கொள்வது நல்லது. அதற்கு முன் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.
* மென்பொருள் கடையில் 'ஃபிளைட்கியர்' என்று தேடி இன்ஸ்டால் கொடுத்தால் போதும். டவுன்லோடு ஜிபி கணக்கில் இருக்கும். மொபைல் டேட்டா ஒரே நாளில் காலியாகிடும், வைஃபை இருந்தால் நல்லது.
* 4 ஜிபி ரேம் இருந்தால் சமாளிக்கலாம். 2024.1 போன்ற புதிய பதிப்பு பழைய கிராபிக்ஸில் திணறும். அப்படியானால் 2020.3 பதிப்பைப் பயன்படுத்துங்கள்.
* படம் விட்டு விட்டு ஓடினால் மேகம், நிழல், மரங்கள், மற்ற விமானங்கள் ஆகியவற்றை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து கொடைரோடு

தொடக்கத் திரையில் விமானமாக செஸ்னா 172-ஐயும், இடமாக மதுரை விமான நிலையத்தையும் தேர்வு செய்யுங்கள். மதுரையின் குறியீடு வி.ஓ.எம்.டி. நிலக்காட்சிகளைத் தானாக டவுன்லோடு செய்யும் வசதியை ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் மலைக்குப் பதில் வெறும் கடல்தான் தெரியும்.

மேற்கு நோக்கிய 27-ம் ஓடுபாதையில் நில்லுங்கள். மெனுவில் 'ஆட்டோஸ்டார்ட்' கொடுத்தால் இன்ஜின் ஓடும். ஷிஃப்ட்டுடன் 'பி' அழுத்தினால் பார்க்கிங் பிரேக் விடுபடும். 'பேஜ் அப்' விசை வேகம் கூட்டும். சுமார் 55 நாட் வேகம் வந்ததும் கீழ் அம்புக்குறியை மெதுவாக அழுத்துங்கள், மூக்கு மேலே எழும். ஆமாம், கீழ் அம்புக்குறிதான்! விமானியின் கைப்பிடியைப் பின்னால் இழுப்பதற்குச் சமம் அது.

பிறகு வலப்பக்கம் திரும்பி திசைகாட்டியில் 330 டிகிரி பிடித்தால், சோழவந்தான் பக்கம் வைகையைத் தாண்டி கால் மணி நேரத்தில் கொடைரோடு. 3,000 அடி உயரம் போதும். வலப்பக்கம் சிறுமலை, இடப்பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை.

இந்த மலைகள் கற்பனை இல்லை. 2000-ம் ஆண்டு நாசா விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயர அளவுகள் இந்த நிலக்காட்சிக்குப் பயன்படுகின்றன. அதனால் மலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இருக்கும். ஆனால் கொடைரோடு ஸ்டேஷனையோ திராட்சைத் தோட்டத்தையோ அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. சின்ன செஸ்னா நிமிடத்துக்குச் சில நூறு அடிதான் ஏறும். முன்கூட்டியே ஏறத் தொடங்காவிட்டால் மலையில் மோத வேண்டியதுதான். உயரத்தை முன்னாடியே திட்டமிடணும் என்ற பாடம் முதல் நாளே புரிந்துவிடும்.

பைலட் ஆக இது போதுமா?

போதாது. வணிக விமானி உரிமம் பெற இந்தியாவில் 200 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். வீட்டு லேப்டாப்பில் பறந்த நேரம் அந்தக் கணக்கில் ஒரு நிமிடம்கூட சேராது. உரிமப் பயிற்சிக்குப் பல லட்சம் செலவாகும்.

ஆனால் அந்தப் பணத்துக்குக் கடன் வாங்கும் முன், இது தனக்குப் பிடித்த வேலைதானா என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள இது உதவும். உயரமானி, திசைகாட்டி, ஓடுபாதை எண் எல்லாம் பழகிவிடும்.

இதில் கவனம் தேவை

ஃபிளைட்கியரையே வேறு பெயரில், ஏதோ புது மென்பொருள் போல இணையத்தில் காசுக்கு விற்றவர்களும் உண்டு. இதன் உரிம விதிப்படி விற்பது குற்றமில்லை. ஆனால் இலவசமாகவே கிடைப்பதற்கு நீங்கள் ஏன் காசு கொடுக்கணும்? 'விமானப் பயிற்சி மென்பொருள்' என்று யாராவது பணம் கேட்டால், முதலில் ஃபிளைட்கியரின் அதிகாரப்பூர்வ தளத்தைப் பார்த்துவிடுங்கள்.