ஊரே தூங்கினப்போ முழிச்சிருந்தவங்க: புல்மேன் பெட்டியின் கதை

ராத்திரி ரயில்ல மிடில் பெர்த்தை எப்போ போடறதுன்னு பேச்சு வராத பயணமே கிடையாது. 1860-கள்ல அமெரிக்காவுல ஓடின ஜார்ஜ் புல்மேனோட படுக்கைப் பெட்டியில, பெர்த்தைப் போடறதுக்குன்னே தனியா ஒரு ஆள் இருந்தார். இன்னிக்குக் கதை அவரைப் பத்திதான்.

முதல்ல பெட்டியைப் பார்த்துடலாம். பகல்ல எதிரெதிரா ரெண்டு சீட். ராத்திரி ரெண்டையும் இழுத்துச் சேர்த்தா அதுதான் கீழ் பெர்த். மேல் பெர்த் கூரையோரமா மடிஞ்சிருக்கும். அதை இறக்கி, மெத்தை விரிச்சு, நடைபாதைப் பக்கம் திரையை இழுத்துவிட்டா படுக்கையறை ரெடி.

இதையெல்லாம் செய்தவர் 'போர்ட்டர்'. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்த பிறகு, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைத்தான் புல்மேன் இந்த வேலைக்கு எடுத்தார். படுக்கை போடணும், ஷூ பாலிஷ் பண்ணணும், நடுராத்திரி மணி அடிச்சாலும் ஓடணும். மாசத்துக்குக் கிட்டத்தட்ட 400 மணி நேர வேலை. சம்பளம் குறைவு, டிப்ஸை நம்பித்தான் குடும்பம். பயணிகள் பலர் அவங்க பேரைக்கூடக் கேக்கல, எல்லாரையும் 'ஜார்ஜ்'னே கூப்பிட்டாங்க. முதலாளியோட பேர்! அடிமைகளை உடைமையாளர் பேரால் கூப்பிட்ட பழக்கத்தின் மிச்சம் அது.

1925-ல் போர்ட்டர்கள் சங்கம் ஆரம்பிச்சாங்க. தலைவரா யாரைப் போட்டாங்க தெரியுமா? போர்ட்டராவே இல்லாத, பத்திரிகை நடத்தின ஏ. ஃபிலிப் ராண்டால்ஃபை! காரணம் சிம்பிள். அவர் கம்பெனி ஆள் இல்லை, அதனால வேலையை விட்டுத் தூக்க முடியாது. 12 வருஷம் போராடி, 1937-ல் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டாங்க. வேலை நேரம் மாசத்துக்கு 240 மணியாகக் குறைந்தது.

கதை அதோட முடியல. 1955-ல் மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் கைதானபோது ஜாமீனில் எடுக்கப் போனவர்களில் ஒருவர் இ.டி. நிக்சன். அவரும் புல்மேன் போர்ட்டர்தான். 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் பேசின வாஷிங்டன் பேரணிக்குத் தலைமை தாங்கியவர் அதே ராண்டால்ஃப்.

விமானமும் காரும் வந்ததும் புல்மேன் பெட்டிகளுக்குக் கூட்டம் குறைஞ்சது. 1968 கடைசியில் கம்பெனி இந்தச் சேவையை நிறுத்தியது. சில பெட்டிகள் இன்னும் அருங்காட்சியகங்கள்ல நிக்குது. எப்பவாவது உள்ளே போனா, மர வேலைப்பாட்டோட சேர்த்து, பெர்த் பக்கத்துல இருக்கிற அழைப்பு மணிப் பொத்தானையும் பாருங்க. அந்தச் சத்தத்துக்கு எழுந்து வந்தவங்கதான் பின்னாடி ஒரு நாட்டோட சட்டத்தையே மாத்த வெச்சாங்க.